மருந்தும் நூலும் ஒன்றாகும் அறம்

(தாம்பரத்தில் நடைபெற்ற அட்சய திருதியை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று அட்சய திருதியை. ஆதிபகவன் துறவு பூண்டு உணவு ஏற்கப் புறப்பட்டபோது, மக்கள் அன்பின் மிகுதியால் பொன்னும் மணியும் யானையும் குதிரையும் கொணர்ந்து முன்வைத்தனர். துறவிக்கு எதனை, எம்முறையில் அளித்தல் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திலர். பல திங்கள் கடந்த பின்னரே, அத்தினாபுரத்துச் சிரேயாம்சன் முற்பிறவி நினைவால் அம்முறையை உணர்ந்து கரும்புச்சாற்றை ஏந்தி நின்றான். அவனுக்கு முன் கொடுக்க வந்தவர்களிடம் மனம் இருந்தது, பொருளும் இருந்தது. இல்லாதிருந்தது அறிவு ஒன்றே. அறிவில்லாத கொடை, பெறுவோரின் பசியைத் தீர்ப்பதில்லை.

இதனை முன்னிறுத்தியே, குழந்தைகளுக்கு வரும் புற்றுநோயைப் பற்றியும், அந்நோய் குறித்த ஆராய்ச்சிக்கு நாம் நல்க வேண்டிய கொடையைப் பற்றியும் பேச விழைகிறேன். விழா நாளில் நோயைப் பற்றிய பேச்சா என்று எவரும் எண்ண வேண்டா. தானத்தின் திருநாளில் தானத்தைப் பற்றியே பேசுகிறேன்.

நம் முன்னோர் தானத்தை நான்காக வகுத்தனர்: உணவு, மருந்து, நூல், அடைக்கலம். நோயுற்ற ஒரு குழந்தைக்கு மருந்து வாங்கித் தருவது ஔடத தானம், அதில் ஐயமில்லை. ஆனால் அந்நோய்க்கு எம்மருந்து ஏற்றது, எவ்வளவு தருவது, எத்தனை நாள் தருவது என்று கண்டறிவதற்குத் துணைநிற்பது எவ்வகைத் தானம்? அது மருந்தும் நூலும் ஒன்றாகக் கலந்த தானம் என்பேன். முன்னது ஒரு குழந்தையைக் காக்கிறது. பின்னது இன்னும் பிறவாத குழந்தைகளையும் காக்கிறது.

ஆராய்ச்சி என்பது எங்கோ தொலைவில் நடப்பது என்று நாம் கருதுகிறோம். நாள்தோறும் மின்தொடர் வண்டியில் நாம் கடந்து செல்லும் தாம்பரம் சானடோரியம் நிலையத்தின் பெயரை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். மருத்துவர் சவுரி முத்து 1928-இல் காசநோயாளருக்கென இங்கே நலவாழ்வு மனையைத் தொடங்கிய காலத்தில், நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவுமே அந்நோய்க்குத் தரக்கூடியவையாக இருந்தன. கிருமியைக் கொல்லும் மருந்துகள் பின்னர் வந்தன. 1956-இல் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் அமைந்தது. நோயாளியை மாதக்கணக்கில் மருத்துவமனையில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடைய இயலாதா என்று அம்மையம் ஆராய்ந்தது. வீட்டு மருத்துவமும் அதே அளவு பயன் தரும் என்று 1959-இல் வெளியிட்டது. உலகமே காசநோய்க்கு மருத்துவம் செய்யும் முறையைச் சென்னை ஏழைகளிடையே நடந்த அவ்வாய்வு மாற்றியது. ஒரு தலைமுறைக்குக் கூற்றுவனாக நின்ற நோய், அடுத்த தலைமுறைக்கு மாத்திரையால் தீரும் நோயாயிற்று. இதுவே ஆராய்ச்சியின் பயன்.

இனி, குழந்தைகளின் புற்றுநோய்க்கு வருவோம். அந்நோய்க்கான முதல் மருந்தின் வரலாற்றிலும் சென்னைக்குப் பங்குண்டு. 1895-இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகத சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அவருடைய உடன்பிறந்தார் இருவர், சில நாள் இடைவெளியில் ஸ்ப்ரூ எனும் குடல் நோயால் மாண்டனர். மேற்படிப்புக்கு அமெரிக்கா செல்ல அவரிடம் பொருளில்லை. மாமனார் திரட்டிய தொகையோடு, காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையம் அளித்த உறுதிமொழியும் சேர்ந்து 1922-இல் அவரைக் கப்பலேற்றியது. பிற்காலத்தில் லெடர்லே ஆய்வகத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். அது ஸ்ப்ரூ நோய்க்கு மருந்தாயிற்று. அதன் செயலைத் தடுக்கும் பொருள்களையும் அக்குழுவினரே ஆக்கினர்.

பாஸ்டன் நகரத்து மருத்துவர் சிட்னி ஃபார்பர், அத்தடுப்புப் பொருள்களுள் ஒன்றாகிய அமினோப்டெரினை இரத்தப் புற்றுநோயால் வாடிய 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துப் பேரிடம் நோய் பின்வாங்கியது. 1948-இல் இம்முடிவு வெளியாயிற்று. அவ்வெற்றி நிலைக்கவில்லை, சில திங்களில் நோய் மீண்டது. ஆயினும், மருந்தால் தடுக்கவே இயலாது என்று கருதப்பட்ட நோய் முதன்முறையாகத் தடைபட்டது. அதே இனத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் நம் மருத்துவமனைகளில் குழந்தைகளுக்குத் தரப்படுகிறது. கடற்கரை ஊர் ஒன்றின் அறநிலையம் ஓர் ஏழை மாணவனுக்குக் காட்டிய ஆதரவு எவ்வளவு தூரம் சென்றது, பாருங்கள்! ஆதரவளித்த அன்று அவர்கள் எவரும் இதனை எண்ணியிருக்க இயலாது.

அதே 1948-ஆம் ஆண்டு மே 22 அன்று, ஃபார்பரின் மருத்துவமனையிலிருந்த பன்னிரண்டு அகவைச் சிறுவன் ஒருவன் வானொலியில் பேசினான். அவன் உண்மைப் பெயர் மறைக்கப்பட்டு ‘ஜிம்மி’ என்று அழைக்கப்பட்டான். 20,000 டாலர் சேர்ந்தால் அவனுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. மக்கள் அனுப்பிய தொகை 2,31,000 டாலரைக் கடந்தது. அந்நிதியே பெரியதோர் ஆய்வு நிறுவனத்தின் வித்தாயிற்று. அச்சிறுவனும் பிழைத்து, மணம்புரிந்து, மக்களைப் பெற்று, 2001 வரை வாழ்ந்தான்.

நம் ஊரிலும் இத்தகைய வரலாறு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையை 1923-இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரைத் தம் வீட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், இந்திய மாதர் சங்கத்தின் வழியே நிதி திரட்டினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கிற்று. அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-இல் மறைந்த டாக்டர் சாந்தாவும் தம் வாழ்நாளை அதற்கே அளித்தனர். 1960-இலேயே அங்கே குழந்தைகளுக்கெனத் தனி வார்டு அமைந்தது.

சிறார்க்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்றுநோய் வகையில், முன்னாளில் நம் நாட்டில் ஐந்து குழந்தைகளுள் ஏறத்தாழ ஒன்றே பிழைத்தது. 1984 முதல் அடையாறு மருத்துவமனை, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தோடு இணைந்து, ஒரே மருத்துவ முறையைக் கையாண்டு பதிவு செய்து ஒப்பிட்டு வந்தன. நம் நாட்டுக் குழந்தைகளின் உடல்நிலைக்கும் நம் மருத்துவமனைகளின் வசதிக்கும் ஏற்றதாக வகுத்த முறை அது. அதன் பின்னர் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் பிழைத்தனர். எந்த மருந்தை எந்த வரிசையில், எவ்வளவு காலம் தருவது என்னும் அறிவே அவர்களைக் காத்தது.

உலகில் ஆண்டுதோறும் 19 அகவைக்குட்பட்டோருள் ஏறத்தாழ 4,00,000 பேரைப் புற்றுநோய் தாக்குவதாக உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிடுகிறது. செல்வ நாடுகளில் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேல் குணமடைகின்றனர். வறிய நாடுகள் பலவற்றில் முப்பதின்மர் கூட இல்லை. நோய் ஒன்று, மருந்தும் பெரும்பாலும் ஒன்று. இடைவெளி எதனால் விளைகிறது என்று ஆராய்ந்தவர்கள் கண்ட காரணங்கள் சில: காலந்தாழ்த்தி வருதல், நோயை வேறொன்றாகக் கருதிவிடுதல், மருத்துவத்தின்போது தொற்று நோய்க்கு ஆளாதல், மருத்துவத்தை இடையில் கைவிடுதல்.

இக்கடைசிக் காரணத்தை நான் கண்ணால் கண்டேன். என்னிடம் எட்டாம் வகுப்பில் பயின்ற மாணவன் ஒருவனுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. தந்தை கட்டட வேலை செய்பவர். ஐந்து மாதத்தில் பையன் முகம் தெளிந்து, உதிர்ந்த முடி மீண்டும் முளைத்து, பள்ளிக்கும் வந்துவிட்டான். மருத்துவமனைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் கூலி போயிற்று. ‘நன்றாகத்தானே இருக்கிறான்’ என்று நிறுத்திவிட்டனர். அடுத்த ஆண்டு வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இல்லை. இந்நோய்க்கான மருத்துவம் இரண்டாண்டுக்கு மேலும் தொடர வேண்டும். குழந்தை நலமாகத் தோன்றும் நாளிலும் தொடர வேண்டும். கண்ணுக்குப் புலப்படாமல் எஞ்சி நிற்கும் நோயணுக்களை அழிப்பதற்கே அந்நெடுங்காலம். இதனை அக்குடும்பத்துக்கு விளக்கிச் சொல்வதற்கும், வராத குழந்தையைத் தேடிச் செல்வதற்கும், தங்குமிடமும் வழிச்செலவும் தருவதற்கும் ஆட்கள் இருந்திருந்தால் முடிவு வேறாகியிருக்கலாம். ஆகவே ஆராய்ச்சி நமக்குக் காட்டுவது புதிய மருந்தை மட்டுமன்று. எங்கே கைகொடுக்க வேண்டும் என்பதையும் காட்டுகிறது.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். காரணம் தெரியாமல் நீடிக்கும் காய்ச்சல், வெளுத்த முகம், அடிபடாமலே தோன்றும் இரத்தக் கன்றல், இரவில் அழவைக்கும் எலும்பு வலி, கழுத்திலோ வயிற்றிலோ கட்டி, காலையில் தலைவலியோடு வாந்தி, ஒளிப்படத்தில் கண்மணி வெண்மையாகத் தெரிதல் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். இவை பெரும்பாலும் எளிய நோய்களாலும் வரக்கூடும், அஞ்ச வேண்டா. ஆனால் இரண்டு வாரமாகியும் நீங்காவிடில் மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டியோ, கண்ணில் வெண்மையோ தெரிந்தால் ஒருநாளும் காத்திராதீர்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை நமக்கு ஒரே தொடர்வண்டிப் பயணத் தொலைவில் இருக்கிறது. இந்நோய் தொற்றுவதன்று. தாய் உண்டதாலோ உண்ணாததாலோ வந்ததும் அன்று. ‘எல்லாம் முன்வினை’ என்று கூறி ஒரு தாயைத் தலைகுனிய வைப்பது நம் அறம் ஆகாது. வினையை நம்புகிற நாம் முயற்சியையும் நம்புகிறோம். இல்லையேல் நோன்பும் தவமும் எதற்கு?

‘ஆராய்ச்சிக்குப் பொருள் தந்தால், ஆய்வகங்களில் விலங்குகள் துன்புறுவதற்கு நாமும் உடந்தையாகமாட்டோமா?’ என்று பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார். கொல்லாமையை உயிரினும் மேலாகப் போற்றும் நம்மிடையே இக்கேள்வி எழுவதே முறை. இன்றுள்ள மருந்துகள் பல விலங்குச் சோதனையைக் கடந்து வந்தவை என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் ஆராய்ச்சி முழுவதும் அதுவன்று. அடையாறும் மும்பையும் தில்லியும் செய்தது, மருத்துவம் பெற்ற குழந்தைகளைப் பின்தொடர்ந்து பதிவு செய்து ஒப்பிட்ட ஆராய்ச்சி. நோய்ப் பதிவேடு, மருத்துவம் கைவிடப்படுவதன் காரணம், குணமடைந்தோரின் பிற்கால நலம் ஆகியவற்றை ஆராய்வதில் எவ்வுயிர்க்கும் ஊறில்லை. விலங்குச் சோதனைக்கு மாற்று முறைகளை ஏற்கும் வகையில் நம் நாட்டின் மருந்து ஆய்வு விதிகளும் 2023-இல் திருத்தப்பட்டன. ஆகவே, கொடையோடு ஒரு மடலும் எழுதுவோம்: ‘இத்தொகை இன்ன பணிக்கே உரியது.’ நம் கொள்கையையும் காத்துக்கொண்டு கொடுக்க வழியுண்டு.

இறுதியாக, அறக்கட்டளையின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, குழந்தைப் புற்றுநோய்க்கெனத் தனிக் கணக்குத் தலைப்பு ஒன்றைத் தொடங்குக. ஒவ்வொரு குடும்பமும் திங்கள்தோறும் தம்மால் இயன்ற சிறு தொகையை அதில் சேர்க்கட்டும். பிறந்த நாள், திருமண நாள், பெற்றோர் நினைவு நாள் ஆகியவற்றில் கூடுதலாக அளிக்கட்டும்.

இரண்டாவது, சேர்ந்த தொகையில் ஒரு பாதியை மருத்துவமனை சார்ந்த ஆராய்ச்சிக்கும், மறுபாதியை மருத்துவம் இடைமுறியாதிருக்க வழிச்செலவு, தங்கல், உணவு ஆகியவற்றுக்கும் வழங்குக. பெறும் நிறுவனத்திடம் பற்றுச்சீட்டும் ஆண்டறிக்கையும் கேட்டுப் பெறுக. வரவு செலவை அடுத்த ஆண்டு விழா மலரில் அச்சிடுக.

மூன்றாவது, இளைஞர்களுக்கு. மருத்துவம் பெறும் குழந்தைகளுக்கு இரத்தத் தட்டணுக்கள் அடிக்கடி தேவைப்படும். தட்டணுவை ஐந்து நாளுக்கு மேல் சேமித்து வைப்பது அரிது. ஆதலின் ஆண்டுக்கொரு முகாம் போதாது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் எனப் பகுதிவாரியாகப் பெயர்ப்பட்டியல் அமைத்து, முறை வைத்துச் சென்று வாருங்கள்.

நான்காவது, பிப்ரவரி 15 உலகக் குழந்தைப் புற்றுநோய் நாள். செப்டம்பர் அந்நோய் பற்றிய விழிப்புணர்வுத் திங்கள். இவ்விரு காலத்திலும் மருத்துவர் ஒருவரை அழைத்து, நம் குடும்பங்களோடு அக்கம்பக்கத்தாரையும் கூட்டி உரையாற்றச் செய்க. நாம் புறப்பட்டு வந்த வந்தவாசி, செஞ்சிப் பகுதிச் சிற்றூர்களிலும் இவ்வறிகுறிகளை அறிவியுங்கள். அங்குள்ள குழந்தைக்கு மருத்துவமனை நம்மைக் காட்டிலும் தொலைவு.

அட்சயம் என்னும் சொல்லுக்குக் குறையாதது என்பது பொருள். அளித்த சோறு அன்றே உண்ணப்படுகிறது. வாங்கித் தந்த மருந்தும் ஒருநாள் தீர்கிறது. கண்டறிந்த அறிவு மட்டும், எத்தனை குழந்தைகளுக்குப் பயன்பட்டாலும் குறைவதில்லை. அவ்வறிவுக்கு நம் குடும்பங்களிலிருந்து ஒரு பங்கு சேரட்டும். கணக்குத் தலைப்பு இன்றே தொடங்கப்படுமாயின், முதல் கொடையாக என் ஒரு மாத ஓய்வூதியத்தை இம்மேடையிலேயே ஒப்படைக்கிறேன்.

அறம் வளர்க! எல்லா உயிர்களும் நலமுறுக!