முன்பணம் கொடுக்கும் முன் நடந்து பாருங்கள்

(தொடர்கல்வி மையம் ஒன்றில் ஆற்றிய உரை)



நம் பக்கத்திலிருந்து பலர் மும்பைக்கு வேலைக்குப் போகிறார்கள். இன்னும் சிலர் போகத் தயாராக இருக்கிறார்கள். போகும் முன் வேலையைப் பற்றி எல்லாம் விசாரிக்கிறோம். சம்பளம் எவ்வளவு? சாப்பாடு உண்டா? முதலாளி எப்படிப்பட்டவர்? இப்படிப் பல கேள்விகள் கேட்கிறோம். ஆனால் எங்கே குடியிருப்பது என்று கேட்டால், "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறோம்.

வேலை எட்டு மணி நேரமோ பத்து மணி நேரமோதான். மீதி நேரம் வாழப்போவது நாம் குடியிருக்கும் தெருவில். நம் பிள்ளைகள் நடக்கப்போவதும் அந்தத் தெருவில்தான். ஆகவே, குடியிருக்கும் இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இன்று பேசுவோம்.

நமக்குப் பழகிய ஊர்

மும்பை தமிழர்களுக்குப் புதிய ஊர் அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் தொழிலாளர்கள் தாராவிக்குப் போனார்கள். மாதுங்காவில் அலுவலக வேலைக்குப் போனவர்கள் குடியேறினார்கள். அங்கே 1932-இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் தொடங்கப்பட்டது. செம்பூரில் செட்டா நகர் முருகன் கோயிலுக்குப் போனால் நம் ஊரில் இருப்பது போலவே இருக்கும்.

அதனால், "நம் ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போகலாம்" என்று நினைக்கிறோம். அது நல்லதுதான். முதல் வாரம் தங்க இடம் கிடைக்கும். மொழி தெரியாத ஊரில் பேச்சுத் துணை கிடைக்கும். ஆனால் ஒரு பேட்டையின் பெயரை மட்டும் கேட்டு முன்பணம் கொடுத்துவிடக் கூடாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். வீடு பார்ப்பதற்கும் அது பொருந்தும்.

மலிவு வாடகை மலிவுதானா?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு வீட்டின் வாடகை மாதம் 7,000 ரூபாய். அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம். இன்னொரு வீட்டின் வாடகை 6,000 ரூபாய். ஆனால் தினமும் ஷேர் ஆட்டோவில் போய் வர 50 ரூபாய் ஆகிறது. மாதம் 26 நாள் வேலை. 26 முறை 50 என்றால் 1,300 ரூபாய். இப்போது சொல்லுங்கள், எந்த வீடு மலிவு?

நேரத்தையும் கணக்குப் பாருங்கள். போகவும் வரவும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் போகிறது என்றால், மாதத்துக்கு 26 மணி நேரம். அது ஒரு முழுப் பகலையும் ஒரு முழு இரவையும் விட அதிகம். அந்த நேரம் தூக்கத்திலிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் எடுத்த நேரம்.

மும்பை ரயிலில் ஓடும் ஊர் என்று சொல்வார்கள். உண்மையில் அது நடக்கும் ஊர். மும்பைப் பெருநகரத்தின் போக்குவரத்து பற்றி 2008-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அங்கே நடக்கும் பயணங்களில் பாதிக்கும் மேல் வண்டியே ஏறாமல் நடந்து போகும் பயணங்கள் என்று அந்த ஆய்வு கண்டது. வேலைக்கு, கடைக்கு, பள்ளிக்கு என்று மக்கள் நடந்துதான் போகிறார்கள். ஆகவே வீட்டைப் பார்ப்பது பாதி வேலை. வழியைப் பார்ப்பது மீதிப் பாதி.

மூன்று பேட்டைகள்

முதலில் மாதுங்கா. இங்கே அகலமான சாலைகள், நடைபாதைகள், மரங்கள், பூங்காக்கள் உண்டு. இவை தாமாக வந்தவை அல்ல. 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. காற்றும் வெளிச்சமும் இல்லாத நெருக்கமான வீடுகளில் ஏராளமான மக்கள் இறந்தார்கள். அதன் பிறகு 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. அந்த டிரஸ்ட் திட்டம் போட்டு அமைத்த பகுதிதான் தாதர், மாதுங்கா. இன்றும் அங்கே பாட்டியும் பேரனும் கைகோத்து நடக்கலாம். ஆனால் வாடகை அதிகம். கூலி வேலை செய்பவருக்கு எட்டாது. மாதுங்காவை ஒட்டிய கிங்ஸ் சர்க்கிள் பகுதியில் பெருமழை பெய்தால் தண்ணீர் தேங்கும்.

அடுத்து தாராவி. இங்கே வேலை, வீடு, கடை எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. சயான், மாகிம் ரயில் நிலையங்கள் பக்கம். சயானில் மாநகராட்சியின் பெரிய மருத்துவமனை இருக்கிறது. ராத்திரி வெகுநேரம் கடைகள் திறந்திருக்கும். ஆள் நடமாட்டம் இருக்கும். ஆளில்லாத அகலச் சாலையைவிடக் கடைகள் உள்ள குறுகிய தெரு பல சமயம் பாதுகாப்பானது.

ஆனால் உள் சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். மேலே மின்கம்பிகள் தொங்கும். தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி உள்ளே வர முடியாது. மாடி அறைக்குச் செங்குத்தான இரும்பு ஏணியில் ஏற வேண்டும். கர்ப்பிணிப் பெண்ணும் வயதானவரும் அதில் ஏறி இறங்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

தாராவி பற்றி இன்னொரு முக்கியச் செய்தி. அங்கே வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டும் பெரிய திட்டம் நடக்கிறது. மகாராஷ்டிர அரசும் அதானி குழுமமும் சேர்ந்து இதைச் செய்கின்றன. வீடு வீடாகக் கணக்கெடுப்பு 2024-இல் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு இலவசம். ஆகவே, "இந்த அறையை வாங்கிக்கொள், நாளைக்குப் புது வீடு கிடைக்கும்" என்று யாராவது ஆசை காட்டினால் ஏமாறாதீர்கள். சேமித்த பணத்தை அதில் போடாதீர்கள்.

மூன்றாவது செம்பூர். இங்கே ஹார்பர் லைன் ரயில் ஓடுகிறது. குர்லாவில் இறங்கி சென்ட்ரல் லைனுக்கு மாறிக்கொள்ளலாம். மாதுங்கா போல நல்ல தெருக்களும் உண்டு. மலைச்சரிவில் நெருக்கமாகக் கட்டிய குடிசைகளும் உண்டு. 2021 ஜூலை 18 அன்று அதிகாலையில் பெருமழை பெய்தது. செம்பூர் பாரத் நகரில் சரிவிலிருந்த சுவர் இடிந்து வீடுகள் மேல் விழுந்தது. 19 பேர் இறந்தார்கள். சரிவின் அடியில் ஒரு அறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

செம்பூருக்குத் தெற்கே மாகுல் என்ற இடம் இருக்கிறது. பக்கத்திலேயே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் உள்ளன. நகரத் திட்டங்களுக்காக வீடு இழந்த மக்களை அரசு அங்கே அடுக்குமாடி வீடுகளில் குடியேற்றியது. வீடு புதியது. சுவரும் கதவும் கழிப்பறையும் உண்டு. ஆனால் காற்று கெட்டது. மக்கள் நோயில் விழுந்தார்கள். அவர்கள் போராடினார்கள், வழக்குப் போட்டார்கள். அவர்களுக்கு மாற்று வீடோ வாடகைப் பணமோ கொடுக்க வேண்டும் என்று 2019-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? நல்ல வீடு மட்டும் போதாது. நல்ல இடமும் வேண்டும். எல்லாப் பேட்டையிலும் நல்ல தெருவும் உண்டு, ஆபத்தான தெருவும் உண்டு. தெருத் தெருவாகத்தான் பார்க்க வேண்டும்.

மூன்று முறை நடங்கள்

ஒரு வீடு பிடித்திருந்தால் அன்றே பணம் கொடுக்காதீர்கள். மூன்று முறை நடந்து பாருங்கள்.

முதல் நடை காலையில். வேலைக்குப் போகும் நேரத்தில் வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை நடங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது? நடைபாதை உண்டா? பெரிய சாலையை எங்கே கடக்க வேண்டும்? தண்டவாளத்தைக் கடக்க மேம்பாலம் உண்டா? இது மிக முக்கியம். மும்பை மின்சார ரயில் பாதைகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள். தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டு இறப்பவர்கள் அதில் மிக அதிகம். "எல்லோரும் இப்படித்தான் குறுக்கே போகிறார்கள்" என்று காட்டப்படும் வழியை வழியாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இரண்டாவது நடை இரவில். நீங்கள் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் நடங்கள். குடும்பத்தோடு போவதாக இருந்தால் வீட்டுப் பெண்களையும் அழைத்துப் போங்கள். பகலில் கலகலப்பாக இருந்த சந்து இரவில் எப்படி இருக்கிறது? தெருவிளக்கு எரிகிறதா? சாராயக் கடை வாசலைத் தாண்ட வேண்டுமா? வீட்டுக்குள் கழிப்பறை இல்லை என்றால், பொதுக் கழிப்பறைக்கும் போய்ப் பாருங்கள். அது இரவில் திறந்திருக்குமா? உள்ளே விளக்கும் தண்ணீரும் உண்டா? கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா? இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். நம் அக்கா தங்கை நள்ளிரவில் நடக்க வேண்டிய வழி அது.

மூன்றாவது நடை மழைக்காக. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை பெய்தது. சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே சுமார் 1,400 மில்லி மீட்டர்தான். அப்படிப் பெய்யும்போது கடலும் பொங்கி நின்றால் சாக்கடைத் தண்ணீர் கடலுக்குள் போக முடியாது. தெருவுக்குத் திரும்பும். தாராவி ஓரமாக ஓடும் மித்தி ஆறும் கரை மீறும்.

"இங்கே தண்ணீர் வருமா?" என்று தரகரிடம் கேட்டால், "வராது" என்றுதான் சொல்வார். நீங்கள் கண்ணால் பாருங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா? வீட்டு வாசல்படிகளைச் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார்களா? கட்டிலும் பீரோவும் கல் மேல் நிற்கின்றனவா? அப்படி என்றால் தண்ணீர் வரும். மூலைக்கடைக்காரரிடமும், குழாயடியில் நிற்கும் பெண்களிடமும் கேளுங்கள். அவர்களுக்கு இதில் தரகுப் பணம் இல்லை. உண்மையைச் சொல்வார்கள்.

எழுத்து நமக்குக் காவல்

வீடும் வழியும் பிடித்துவிட்டன. இப்போது பணம் கொடுக்கும் நேரம். இங்கேதான் நாம் கற்ற எழுத்து நமக்கு உதவும்.

மகாராஷ்டிராவில் 1999-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. பதிவு செய்வது வீட்டுக்காரரின் பொறுப்பு. பெரும்பாலும் 11 மாதத்துக்கு எழுதுவார்கள். "லீவ் அண்ட் லைசென்ஸ்" என்று அதைச் சொல்வார்கள்.

அந்தத் தாளில் வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எத்தனை மாதம் என்பதை எண்களைப் பார்த்துச் சரிபாருங்கள். மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நகல் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். முன்பணத்தை ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரு நாள் அவகாசம் கேட்பதில் தவறில்லை. அவகாசமே தர மாட்டேன் என்பவரிடம் நமக்கு வேலை இல்லை.

சில எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவசர உதவிக்கு 112. பெண்கள், குழந்தைகள், முதியோர் மும்பைக் காவல் துறையை அழைக்க 103. மழை, வெள்ளம், சுவர் இடிதல் போன்றவற்றுக்கு மாநகராட்சியின் எண் 1916.

வழி நம் உரிமை

அன்பர்களே, எல்லோராலும் நல்ல தெருவைத் தேர்ந்தெடுக்க முடியாது. கையில் இருக்கும் பணத்துக்குக் கிடைப்பதுதான் வீடு. அதற்காக நாம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. மக்களுக்கு நடைபாதை இருப்பது அரசியல் சாசனம் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியிருக்கிறது. காரில் போகிறவருக்கு இருக்கும் உரிமை நடந்து போகிறவருக்கும் உண்டு.

விளக்கு எரியவில்லையா? சாக்கடை மூடி உடைந்திருக்கிறதா? பத்துப் பேர் சேர்ந்து மனு எழுதுங்கள். மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் கொடுங்கள். தாராவி ஜி வடக்கு வார்டில் இருக்கிறது. மாதுங்கா எஃப் வடக்கு வார்டு. செம்பூர் எம் மேற்கு வார்டு. மனுவின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

மும்பைக்குப் போகிறவர்கள் இன்றே ஒரு தாளில் ஐந்து கேள்விகளை எழுதிச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வையுங்கள்.

1. வீட்டிலிருந்து வேலைக்கும் ரயிலுக்கும் நடந்து போக முடியுமா?

2. பெண்களும் பிள்ளைகளும் இரவில் பயமின்றி நடக்கலாமா?

3. மழைத் தண்ணீர் வருமா? சரிவோ நச்சுக் காற்றோ அருகில் உண்டா?

4. கழிப்பறை, குழாய், பள்ளி, மருத்துவமனை எவ்வளவு தூரம்?

5. பதிவு செய்த ஒப்பந்தம் தருவார்களா?

ஐந்துக்கும் விடை கிடைத்த பிறகு முன்பணம் கொடுங்கள். போகிற இடத்தில் நல்லபடியாக இருங்கள்.