வயிற்றுக்கா, வண்டிக்கா?

(அம்பத்தூர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



நான் இன்று நெல்லைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று தெரிந்ததும் ஒரு தோழர், "1964-இல் தொழிற்பேட்டை வந்த ஊரில் கழனி ஏது? இங்கே நெல்லைப் பற்றி யாரிடம் பேசப் போகிறீர்?" என்று கேட்டார். கழனி போனது வாஸ்தவந்தான். வயிறு போய்விடவில்லையே! தவிரவும், உங்களில் முக்கால்வாசிப் பேர் வண்டியில் வந்திருக்கிறீர்கள். அந்த வண்டிக்குள் பெட்ரோலோடு சோறும் சேர்ந்து எரிகிறது என்பதுதான் இன்றைய சங்கதி.

பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால், அதாவது சாராயம், கலக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் திட்டமிட்டது. 2030-க்குள் என்று 2018-இல் சொன்னதை முன்னே இழுத்து 2025-லேயே எட்டிவிட்டார்கள். அன்னிய எண்ணெய்க்குக் கொட்டும் பணம் மிச்சமாகும், விவசாயிக்கு வரும்படி உண்டு, புகை குறையும் என்பவை அவர்கள் சொல்லும் காரணங்கள். அவற்றை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் கணக்குப் பார்க்க வேண்டாமா?

ஒரு டன் அரிசியில் ஏறக்குறைய 450 லிட்டர் எத்தனால் இறங்கும். 40 லிட்டர் பெட்ரோல் போட்டுக்கொள்ளும் காரில் 8 லிட்டர் எத்தனால் இருக்கிறது. அது முழுதும் அரிசியில் வந்ததென்று வைத்துக்கொண்டால் சுமார் 18 கிலோ அரிசி ஆயிற்று. 2013-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு ஆளுக்கு மாதத்திற்கு அளப்பதோ 5 கிலோ! மூன்றரை மாத ரேஷன் ஒரே தடவையில் டாங்கிக்குள் போகிறது. அப்படிப் போயும், எத்தனாலின் சூடு பெட்ரோலின் சூட்டைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு.

"எல்லாம் அரிசியல்ல, மக்காச்சோளமும் கரும்பும்தான் பெரும்பங்கு" என்று சமாதானம் சொல்லுவார்கள். சரி, மக்காச்சோளம் எதற்குத் தீனி? நாமக்கல் கோழிக்குத் தீனி. அதை ஏற்றுமதி செய்துவந்த இந்த தேசம் 2024-இல் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய நேர்ந்தது. தீனி விலை ஏறினால் முட்டை விலை ஏறாதா? முட்டையை மந்திரியா தின்கிறார்? நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தின்கிறார்கள்.

இதைச் சொன்னவுடன் ஒரு கூட்டம் வரும். "அன்னம் லட்சுமியல்லவா, அதை எரிப்பது மகா பாவம்" என்பார்கள். ஐயா, யாக குண்டத்தில் நெய்யையும் அரிசியையும் கொட்டும்போது இந்தப் பாவம் எங்கே போயிருந்தது? வண்டியாவது நாலு மைல் ஓடுகிறது. யாகம் ஓர் அடி நகர்ந்ததுண்டா? (சிரிப்பு)

இன்னொரு கூட்டமோ "பசுமை எரிபொருள்" என்பதையே மந்திரமாக ஓதுகிறது. இந்த மந்திரத்தை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். 2003-இல் திட்டக் கமிஷன் குழு காட்டாமணக்கைச் சிபாரிசு செய்தது. தண்ணீர் வேண்டாம், தரிசில் வளரும், டீசல் காய்க்கும் என்றார்கள். தமிழ்நாட்டு விவசாயிகளும் நம்பி நட்டார்கள். தண்ணீர் விடாத செடி சரியாகக் காய்க்கவில்லை. தண்ணீர் விடுவதானால் அதில் வேறு பயிர் வைப்பதே லாபம். கடைசியில் பிடுங்கி எறிந்தார்கள். அவர்கள் காகிதத்தில் தரிசு என்று எழுதிய நிலம், ஆடு மேய்ப்பவனுக்கும் சுள்ளி பொறுக்கும் பெண்ணுக்கும் ஜீவனமாக இருந்தது. அதை யார் கேட்டார்கள்?

அரிசி சங்கதிக்கு வருவோம். 2023 ஜூலையில் பச்சரிசி, வெள்ளையரிசி வெளிநாடு போகக் கூடாதென்று தடுத்தார்கள். எத்தனாலுக்குச் சர்க்கார் அரிசி கொடுப்பதையும் அதே மாதம் நிறுத்தினார்கள். பிறகு கிடங்குகள் நிரம்பின. 2025-இல் கிலோ 22 ரூபாய் 50 காசுக்கு எத்தனால் ஆலைகளுக்குத் தருவதென்றும், 52 லட்சம் டன் வரை என்றும் ஏற்பாடாயிற்று. அந்த அரிசியைக் கொள்முதல் செய்து காப்பாற்றச் சர்க்காருக்கு ஆகும் செலவு கிலோவுக்கு ஏறக்குறைய 40 ரூபாய். மிச்சத்தைக் கொடுப்பவர்கள் நீங்களும் நானும்! கிடங்கில் உளுத்துப் போவதைவிட எரிவது மேல் என்றால் நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் முதலில் ரேஷன், அதன் பிறகு கையிருப்பு, அதற்கும் மேல் மிஞ்சினால்தான் ஆலை. இந்த வரிசையைச் சட்டத்தில் எழுதச் சொல்லுங்கள்.

விஞ்ஞானத்தால் வழியில்லையா என்றால், இருக்கிறது. ஆவடியிலிருந்து திருவள்ளூர் போகும் வழியில் திரூரில் 1942 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் டி.கே.எம். 6 அங்கே பிறந்த நெல். பிலிப்பைன்ஸ் விஞ்ஞானிகள் அதைத் தாய்தந்தையரில் ஒன்றாக வைத்துத்தான் 1969-இல் ஐ.ஆர். 20 நெல்லை வெளியிட்டார்கள். எந்த அம்மனுக்குக் கூழ் ஊற்றியும் அந்த நெல் வரவில்லை. குறைந்த தண்ணீரில் ஓர் ஏக்கரில் இரண்டு மூட்டை கூடுதலாக விளைந்தால், அப்போது வண்டிக்கு நிலம் ஒதுக்குவதைப் பற்றிப் பேசலாம். 2019-இல் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டதைப் பார்த்த பூந்தமல்லிக்காரர்களுக்குத் தண்ணீரின் மதிப்பை நான் சொல்ல வேண்டியதில்லை.

பானிப்பட்டில் 2022-இல் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை திறந்தார்கள். அங்கே வயலிலேயே கொளுத்தும் வைக்கோலுக்கு அது நல்ல வேலை. நமக்கோ வைக்கோல் மாட்டுத் தீனி. கண்ணை மூடிக்கொண்டு காப்பியடிக்க முடியாது. தட்டையில் சாறும் கதிரில் தானியமும் தரும் இனிப்புச் சோளம் ஒன்று உண்டு. தானியம் மனிதனுக்கு, சாறு வண்டிக்கு. ஆனால் வெட்டியவுடன் பிழியாவிட்டால் சர்க்கரை குறைந்துவிடுகிறது. இந்தத் தொல்லையைத் தீர்ப்பது ஆராய்ச்சி நிலையத்தின் வேலை. அதற்குப் பணம் ஒதுக்கும்படி உங்கள் ஓட்டைக் கேட்டு வருகிறவர்களிடம் கேளுங்கள்.

நேரமாகிவிட்டது. கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுக்கலாம். என் கணக்கில் தப்பிருந்தால் அதையே முதலில் எழுதுங்கள்.