பூனையின் அச்சமும் அதன் மெய்ப்பாடுகளும்

‘இந்தப் பூனையும் பால் குடிக்குமா?’ என்பது தமிழர் வாயில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பூனையின் அமைதிக்குள் கள்ளம் ஒளிந்திருக்கின்றது என்ற எண்ணமே அதற்கு அடிப்படை. ஆனால், வீட்டுப் பூனையின் அமைதிக்குள் ஒளிந்திருப்பது பல வேளைகளிற் கள்ளம் அன்று, அச்சம். குழந்தை அஞ்சினால் அழும். நாய் அஞ்சினால் குரைக்கும். பூனையோ அஞ்சினாற் பெரும்பாலும் ஓசையின்றிப் பதுங்கும். அதனால் அதன் துன்பம் வீட்டாரின் கண்ணுக்குப் புலனாவதில்லை. சில வேளைகளில் அத்துன்பம் குற்றமாகக் கருதப்பட்டுத் தண்டனைக்கும் உள்ளாகின்றது. இவ்வாறு பிழையாக வழங்கப்பட்ட தீர்ப்பினால் உயிரிழக்கும் பூனைகளும் உண்டு.

உள்ளத்து உணர்ச்சி உடலிற் புலப்படுவதைத் தமிழிலக்கணம் மெய்ப்பாடு என வழங்கும். தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அது பிறப்பதற்குரிய காரணங்கள் நான்கனுள் விலங்கும் ஒன்று எனக் கூறுகின்றது. அங்கே விலங்கு அச்சத்தைத் தருவது. இங்கே விலங்கே அச்சத்தை அடைவது. ஆயினும் அறியும் முறை ஒன்றுதான். உள்ளே நிகழ்வதை மெய்யிலே கண்டு உணர்தல் வேண்டும்.

விலங்குகளின் மெய்ப்பாடுகளை விஞ்ஞான முறையில் ஆராயத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் சார்ள்ஸ் டார்வின். மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை வெளிப்படுத்தும் முறைபற்றி அவர் எழுதிய நூல் 1872இல் வெளிவந்தது. நாயைக் கண்டு நடுங்கும் பூனையின் படம் ஒன்று அதில் உண்டு. முதுகு வில்லாக வளைய, மயிர் சிலிர்க்க, வாய் திறந்து சீறும் அத்தோற்றத்தை அறியாதார் இல்லை. ஆனால் அது அச்சத்தின் முடிந்த நிலை. அந்நிலையை அடையுமுன் பூனை எத்தனையோ சிறு குறிகளைக் காட்டிவிடுகின்றது. அவற்றைக் காண்பவரே அரியர்.

பூனை தன் அச்சத்தை ஏன் இவ்வாறு மறைக்க வேண்டும்? அதற்குரிய காரணம் அதன் குலமரபில் இருக்கின்றது. வீட்டுப் பூனையின் மூதாதை, மேற்காசியாவிலும் வட ஆபிரிக்காவிலும் வாழும் சிறிய காட்டுப்பூனை. அது கூட்டமாக வாழ்வதன்று; தனித்து வேட்டையாடுவது. எலிக்கும் குருவிக்கும் பகையாகிய அப்பிராணி, தன்னிலும் பெரிய விலங்குகளுக்குத் தானே இரையும் ஆகலாம். நோயுற்றால் உதவ இனத்தார் அருகில் இல்லை. நலிவை வெளிக்காட்டினால் பகைக்கு வழி காட்டியதாகும். மனிதரோடு ஏறக்குறைய 10,000 ஆண்டுகள் வாழ்ந்த பின்னரும் அந்தப் பழைய எச்சரிக்கை பூனையை விட்டு நீங்கவில்லை.

வெளியே மறைக்கப்படும் அச்சம் உடலினுள்ளே செய்யும் வேலை பெரிது. அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடற்றொழிலியல் அறிஞர் வால்ட்டர் கனன், எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட சில ஆண்டுகளுக்குள்ளேயே அதனைக் கொண்டு பூனைகளின் இரைப்பை அசைவுகளை ஆராய்ந்தார். பூனை கலக்கமுற்றவுடன் இரைப்பையின் அசைவு நின்றுவிட்டது. அதனைத் தடவி ஆற்றியதும் அசைவு மீண்டும் தொடங்கிற்று. 1911இல் அவரும் அவருடைய துணையாளரும், நாய் குரைப்பதைக் கேட்டு அஞ்சிய பூனையின் குருதியில் அதிரினலின் என்னும் சுரப்பு இருப்பதைக் கண்டனர். போரிடு அல்லது ஓடு என உடல் தன்னை ஆயத்தஞ் செய்யும் நிலையைக் கனன் 1915இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஆகவே அஞ்சிய பூனை உணவை வெறுப்பது பிடிவாதமன்று. உண்பதற்கு அதன் உடலே இடந்தருவதில்லை.

இனி, வெளிப்படும் குறிகளை ஒவ்வொன்றாக நோக்கலாம்.

முதலாவது கண். பகல் வெளிச்சத்திற் பூனையின் கண்மணி நெல்மணிபோல் ஒடுங்கியிருத்தல் இயல்பு. நல்ல வெளிச்சத்திலும் அது அகன்று கருமையாகத் தோன்றுமாயின் ஏதோ கிளர்ச்சி உண்டென்று கொள்ளலாம். விளையாட்டிலும் கண்மணி விரியுமாதலால் இக்குறி தனித்து நில்லாது. ஏனைய குறிகளோடு சேர்த்தே பொருள் கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது செவி. மனம் அமைந்த பூனையின் செவிகள் முன்னோக்கி நிமிர்ந்திருக்கும். கலக்கம் தொடங்கும்போது அவை பக்கவாட்டிற் சாயும். அச்சம் மிகும்போது தலையோடு ஒட்டிப் படியும். பூனைகளின் நடத்தையை நெடுங்காலம் ஆராய்ந்த ஜேர்மானிய அறிஞர் போல் லைகவுசன், பூனையின் முகத்தில் அச்சமும் சினமும் வெவ்வேறு அளவிற் கலந்து தோன்றுதலை எடுத்துக்காட்டினார். சீறும் பூனை பெரும்பாலும் சண்டையை விரும்பும் பூனையன்று. ஓட வழியற்ற பூனையே என்பது அவ்வாராய்ச்சியால் தெளிவாகும்.

மூன்றாவது உடலின் அமைதி. சுகமாகப் படுத்திருக்கும் பூனை உடலைத் தளர விட்டிருக்கும்; கால்களை நீட்டவும் செய்யும். அஞ்சிய பூனையோ நான்கு பாதங்களையும் உடலின் கீழ் ஒடுக்கி, வாலை உடலோடு சேர்த்துச் சுற்றி, தலையைத் தாழ்த்திக் குந்தியிருக்கும். கண்ணை மூடியிருந்தாலும் அது உறங்குவதில்லை. செவி ஒவ்வோர் ஓசைக்கும் திரும்பும்; மூச்சு விரைந்து நிகழும். வீட்டார் பலர், ‘எவ்வளவு சாதுவாகப் படுத்திருக்கின்றது!’ என்று மகிழ்வது இந்நிலையைக் கண்டே. அசையாதிருத்தல் வேறு, ஆறியிருத்தல் வேறு என்பதை மறத்தலாகாது.

பூனை தொண்டையில் எழுப்பும் குறுகுறு ஓசையும் இவ்வாறே ஏமாற்றக்கூடியது. இன்பத்திற் பிறக்கும் அவ்வோசையை நோவுற்ற பூனையும் அஞ்சிய பூனையும் எழுப்புதல் உண்டு.

இவை சிறுபொழுதிற் காணப்படும் குறிகள். அச்சம் நாட்கணக்காக நீடித்தால் அது பழக்கங்களிலே புலப்படும். அலுமாரியின் மேலும் கட்டிலின் கீழும் நாள் முழுதும் ஒளிந்திருத்தல், உணவிற் குறைதல், வயிற்றையும் தொடையையும் மயிர் உதிரும்வரை நக்குதல், அல்லது உடலைத் துப்புரவு செய்வதையே விட்டுவிடல், மணற்பெட்டிக்குப் புறம்பே சிறுநீர் கழித்தல் என்பன அவை. அமெரிக்காவின் ஒகையோ அரச பல்கலைக்கழகத்தார் 12 சுகமான பூனைகளையும், சிறுநீர்ப்பை அழற்சி உடைய 20 பூனைகளையும் 77 வாரங்கள் அவதானித்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். பராமரிப்பவர் மாறுதல் முதலிய வழக்கத்திற்கு மாறான நிகழ்ச்சிகள் மிகுந்த வாரங்களில் நோயுற்ற பூனைகள் மாத்திரமன்றிச் சுகமான பூனைகளும் உணவைக் குறைத்தன; பெட்டிக்கு வெளியே கழிவு செய்தன.

வீட்டாருக்கு மிகுந்த கோபத்தை ஊட்டுவது இந்தக் கடைசிக் குறியே. பாயிலோ மெத்தையிலோ சிறுநீர் கழித்த பூனையைப் பிடித்து, அதன் முகத்தை அவ்விடத்தில் அழுத்தி அடிப்பவர் உளர். பழிவாங்கும் நினைவாற் பூனை அவ்வாறு செய்ததென்பது அவர் கருத்து. மெய்யாக அது கலக்கத்தின் விளைவாகவோ நோயின் விளைவாகவோ இருக்கலாம். அடி, கலக்கத்தை இருமடங்காக்கும், நோயை மறைக்கும். கலக்கத்தினாற் சிறுநீர்ப்பை அழற்சி கொண்ட ஆண் பூனைக்குச் சிறுநீர் வழி அடைபட்டுப் போதல் உண்டு. அடிக்கடி சென்று குந்தி முக்கியும் சிறுநீர் வெளியேறாத பூனை, மருத்துவம் பெறாவிடின் ஓரிரு நாட்களிலேயே இறக்கக்கூடும். அதனை உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லல் வேண்டும். சில நாட்கள் ஒன்றும் உண்ணாத பூனைக்கு ஈரலிற் கொழுப்புப் படிந்து கொடிய நோய் உண்டாகலாம். ஆதலால் ஒரு நாள் முழுதும் உணவைத் தொடாத பூனையையும் வைத்தியருக்குக் காட்டுவதே நன்று. வாய் திறந்து மூச்சிரைத்தலும் தாமதிக்கலாகாத குறியாகும்.

அச்சத்தை அறிந்தபின் செய்யத்தக்கது யாது? முதலாவது, ஒளிந்த பூனையை இழுத்து வெளியே எடாமை. ஒளிதல் அதன் நோயன்று. அது தானே தேடிக்கொண்ட மருந்து. நெதர்லாந்தில் விலங்குக் காப்பகம் ஒன்றிற் புதிதாகச் சேர்ந்த 19 பூனைகளைக் கொண்டு உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வு நடத்தினர். பத்துப் பூனைகளுக்கு ஒளியும் பெட்டி கொடுக்கப்பட்டது; ஒன்பதிற்குக் கொடுக்கப்படவில்லை. மூன்றாம் நான்காம் நாட்களிலே பெட்டி பெற்றவை ஏனையவற்றிலும் தெளிவாக அமைதியடைந்திருந்தன. பதினான்காம் நாளளவில் இரு கூட்டத்திற்கும் வேறுபாடு இல்லை. 2014இல் வெளிவந்த இம்முடிவு எந்த வீட்டுக்கும் பயன்படத்தக்கது. விலையேதும் இல்லாத வெறும் அட்டைப்பெட்டி, ஒரு பூனைக்குப் பல நாட் கலக்கத்தைக் குறைத்துவிடுகின்றது.

வீடு மாறும்போதும், புதிய குழந்தையோ வேறு பூனையோ வந்து சேரும்போதும், பட்டாசு வெடிக்கும் பண்டிகை நாட்களிலும் அமைதியான அறை ஒன்றை ஒதுக்கி, உணவு, தண்ணீர், மணற்பெட்டி, ஒளியுமிடம் ஆகியவற்றை அதனுள் வைத்தல் நன்று. பூனைகள் பலவாயின் உணவுத் தட்டுகளும் மணற்பெட்டிகளும் வெவ்வேறிடங்களில் இருத்தல் வேண்டும். ஒன்று மற்றொன்றை வழிமறித்து வருத்துதலை இது தடுக்கும். குட்டிப் பருவத்துப் பழக்கமும் பெரிது. பிறந்து இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம்வரை மனிதரின் மெல்லிய கைப்பழக்கம் பெற்ற குட்டி, பின்னாளில் மனிதருக்கு அஞ்சுதல் குறைவு.

பூனை அஞ்சும் வேளையில் அதன் கண்ணை உற்றுநோக்குவது அதற்கு மிரட்டலாகத் தோன்றும். சற்று விலகி அமர்ந்து, இமைகளை மெல்ல ஒடுக்கி மெல்லத் திறத்தலே தகுந்தது. அவ்வாறு செய்பவரிடம் பூனைகள் அணுகி வருவதை இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வு காட்டியுள்ளது. பூனையும் தன் இமைகளை மெல்ல ஒடுக்குமாயின் அச்சம் தணியத் தொடங்கிவிட்டதென்று கொள்ளலாம்.

வாய் திறந்து முறையிடத் தெரியாத உயிர் தன் உடலாற் பேசுகின்றது. அதன் கண்ணையும் செவியையும் உணவுத் தட்டையும் நாள்தோறும் ஒருமுறை கருத்தோடு நோக்கப் பெரும்பொழுது வேண்டுவதில்லை. அந்தச் சிறுபொழுதை ஒதுக்கும் வீட்டிற் பூனை அடிபடாது. காலந்தாழ்த்தி வைத்தியரிடம் சென்று இறப்பதும் அரிதாகும்.