ஒரு மெழுகுதிரியின் விலை என்ன?

(எமது வானொலியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



வழமையாக இந்த நேரத்தில் வருமான வரி, ஓய்வூதியம், வீட்டுக்கடன் என்று உங்களோடு கதைப்பவன் நான். இன்று மெழுகுதிரியைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். கணக்காளருக்கு என்ன நடந்தது என்று யோசிக்க வேண்டாம். இதுவும் கணக்குத்தான். ஆனால் நான் பிழையாகப் பார்த்த கணக்கு. அதனால்தான் சொல்ல விரும்புகிறேன்.

இங்கே லண்டனில் எமது பெண்கள் பலர் வீட்டில் வாசனை மெழுகுதிரி, குளியல் உப்பு, சவர்க்காரம் செய்து விற்கிறார்கள். பிறந்தநாள், சாமத்தியவீடு, திருமணம் எல்லாவற்றிலும் விருந்தினருக்குக் கொடுக்கும் சிறிய பெட்டிக்குள் இப்போது இவைதான் இருக்கின்றன. என் மனைவியும் அப்படித்தான் தொடங்கினார். பதினான்கு வருடம் ஒரு பல்பொருள் அங்காடியில் காசாளராக நின்றவர். மணிக்கட்டு நோவால் வேலையை விட்டார். பிள்ளைகள் இருவரும் படிப்புக்காக வெளியூர் போய்விட்டார்கள். ஒரு நாள் நான் வேலையால் வந்தபோது குசினி முழுக்க மல்லிகை வாசம். மேசையில் ஆறு கண்ணாடிக் குவளைகளில் மெழுகு உறைந்துகொண்டிருந்தது.

சில மாதங்களில் பாடசாலை மண்டபங்களில் நடக்கும் கைப்பணிச் சந்தைகளில் மேசை போட்டு விற்கத் தொடங்கினார். ஒன்று 6 பவுண்கள். எல்லோரும் "மலிவாய் இருக்கு அக்கா" என்று வாங்கினார்கள். அவருக்குச் சரியான சந்தோசம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு நான் என் தொழிற்புத்தியைக் காட்டினேன். ரசீதுகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். ஒரு மெழுகுதிரிக்கு சோயா மெழுகு 1.20, வாசனை எண்ணெய் 85 பென்ஸ், கண்ணாடிக் குவளை 1.50, திரி 15 பென்ஸ், லேபல் 20 பென்ஸ், பெட்டி 80 பென்ஸ். மொத்தம் 4.70. அன்று அவர் கொண்டுபோனது 24. அதன் செலவு 112.80. விற்றது 20. வரவு 120. மிகுதி நான்கும் சொந்தக்காரருக்கு "சும்மா வைச்சுக்கொள்ளுங்கோ" என்று கொடுபட்டுவிட்டன. மேசை வாடகை 25. ஆக, செய்வதற்கு ஆறு மணித்தியாலம், சந்தையில் ஏழு மணித்தியாலம், மொத்தம் 13 மணித்தியாலம் உழைத்து, 17 பவுண் 80 பென்ஸ் நட்டம்.

"இஞ்சரும், இது வியாபாரம் இல்லை. நீர் காசு கொடுத்து வேலை செய்யிறீர்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை மெழுகுப் பை, தராசு, குவளைகள் எல்லாம் கூரைக்குக் கீழே உள்ள பரணுக்குப் போய்விட்டன. நான் ஒரு நட்டத்தை நிறுத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நேயர்களே, அதற்குப் பிறகு மூன்று மாதம் எங்கள் வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பிறகு ஒரு நாள் அவராகவே கேட்டார். "இஞ்சருங்கோ, அண்டைக்கு நட்டம் எண்டு சொன்னீங்கள். விலை காணாது எண்டு ஏன் சொல்லேல்லை? உங்களிட்ட வாற கடைக்காரருக்கும் இப்பிடித்தான் மூடச் சொல்லுவீங்களோ?"

என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. என்னிடம் வரும் ஒரு கடைக்காரர் நட்டத்தில் போனால் நான் முதலில் பார்ப்பது அவருடைய விற்பனை விலையை. என் மனைவிக்கு மட்டும் நான் அதைச் செய்யவில்லை. ஏனென்றால் அதை ஒரு வேலையாக நான் மதிக்கவில்லை. உண்மை அதுதான்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல், பொருளாதாரத் தடைக்குள் இருந்தவர்கள் உங்களில் பலர். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய நூல்திரி போட்டு விளக்குச் செய்தோம். நான் வணிகமாணிப் பட்டத்துக்குப் படித்ததும், என் மனைவி உயர்தரம் படித்ததும் அந்த வெளிச்சத்தில்தான். சவர்க்காரம் கிடைக்காதபோது பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். ஒரு சொட்டு எண்ணெயையும் கணக்குப் பார்த்துச் செலவழித்த சனம் நாங்கள். ஆனால் எங்கள் நேரத்தை ஒருநாளும் நாங்கள் கணக்குப் பார்த்ததில்லை. அங்கே அதற்கு விலை இருக்கவில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் இங்கேயும் விலை போடுகிறோம். சாமானுக்குப் போன காசு வந்தால் போதும், கை உழைப்பு சும்மா என்று.

ஆகவே நாங்கள் இருவரும் இருந்து கணக்கைத் திரும்ப எழுதினோம். குவளைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கியதில் சாமான் செலவு 4.20 ஆகக் குறைந்தது. அவருடைய நேரத்துக்கு மணித்தியாலம் 12 பவுண்கள் என்று வைத்தோம். 24 மெழுகுதிரிக்கு ஆறு மணித்தியாலம் என்றால் ஒன்றுக்குக் கால் மணி, அது 3 பவுண்கள். சந்தையில் நிற்கும் ஏழு மணித்தியாலத்துக்கு 84, வாடகை 25, மொத்தம் 109. அதனால் சிறிய சந்தைகளை விட்டு, தீபாவளிக்கும் நத்தாருக்கும் முன் வரும் பெரிய சந்தைகளுக்கு மட்டும் போவது என்று தீர்மானித்தோம். அங்கே 44 விற்றால் ஒன்றுக்கு ஏறக்குறைய 2.50. காப்புறுதி, பரிசோதனை, பழுதாய்ப் போனவை என்று 80 பென்ஸ். கூட்டினால் 10.50. விலை 13 பவுண்கள். மிகுதி 2.50 அடுத்த முறை சாமான் வாங்க.

"பதின்மூன்றுக்கு ஆர் வாங்குவினம்?" என்று அவருக்குப் பயம். சிலர் வாங்கவில்லைத்தான். "போன முறை ஆறுதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆனால் மல்லிகையும் சந்தனமும் மணக்கும் மெழுகுதிரியை வேறு மேசையில் காணாத மற்றச் சமூகத்தவர்கள் விலை பார்த்துவிட்டுப் பேசாமல் வாங்கினார்கள்.

விலையைக் கூட்டினால் தரத்துக்கும் பொறுப்பு எடுக்க வேண்டும். தொடங்க நினைக்கும் நேயர்களுக்காக நாங்கள் கற்றவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, மணம் கூட வேண்டும் என்று எண்ணெயை அள்ளி ஊற்றக் கூடாது. நாங்கள் 1 கிலோ மெழுகுக்கு 80 கிராம் விடுகிறோம், அதாவது 8 வீதம். மெழுகு எவ்வளவு தாங்கும் என்பதை விற்பவர் சொல்லுவார். அதற்கு மேல் போனால் எண்ணெய் வியர்த்து மேலே நிற்கும், ஒழுங்காக எரியாது. மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காமல் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். வெப்பமானி கட்டாயம். மெழுகில் தீப்பிடித்தால் ஒருபோதும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அடுப்பை நிறுத்தி மூடியால் மூடுங்கள். சோயா மெழுகுதிரியை வார்த்த உடனே விற்காமல் ஒன்று இரண்டு கிழமை வைத்திருந்தால்தான் மணம் பிடிக்கும்.

இரண்டாவது, எரித்துப் பார்க்காமல் விற்க வேண்டாம். திரி சிறிதானால் நடுவில் குழி விழும், பெரிதானால் புகைக்கும், குவளை சுடும். தொடக்கத்தில் என் மனைவி வீட்டில் தண்ணீர் குடிக்கும் கண்ணாடிக் குவளை ஒன்றில் வார்த்து எரித்துப் பார்த்தார். மூன்றாம் மணித்தியாலத்தில் அது வெடித்து, உருகிய மெழுகு மேசையில் ஊற்றியது. அந்தக் கறுத்த அடையாளம் இன்றும் எங்கள் மேசையில் இருக்கிறது. அது எங்கள் மேசை என்பதால் தப்பினோம். வேறொருவர் வீட்டில், பிள்ளைகள் படுத்திருக்கும் அறையில் நடந்திருந்தால்? அதற்குப் பிறகு மெழுகுதிரிக்கென்றே செய்த குவளைகள் மட்டும்தான். பொதுப் பொறுப்பும் விற்கும் பொருளுக்கான பொறுப்பும் சேர்ந்த காப்புறுதி ஒன்றும் எடுத்தோம். வீட்டுக் காப்புறுதி இருக்கிறது என்று நம்பியிருக்க வேண்டாம். வீட்டில் வியாபாரம் செய்வதை அந்த நிறுவனத்துக்கு அறிவியுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும் கேளுங்கள்.

மூன்றாவது, லேபல். பெயரும் படமும் போட்டால் போதாது. வாசனை எண்ணெய்கள் இங்கே இரசாயனப் பொருட்களுக்கான லேபல் சட்டத்துக்குள் வருகின்றன. நீங்கள் சேர்க்கும் வீதத்துக்கு ஏற்ற பாதுகாப்பு விவரத்தை எண்ணெய் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். அதில் சொல்லியபடி ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களின் பெயர், எச்சரிக்கை, உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாம் வர வேண்டும். தீப் பாதுகாப்பு எச்சரிக்கையும் வேறாக ஒட்ட வேண்டும்.

குளியல் சாமான்களுக்கு வருவோம். இதில்தான் எமது ஆட்கள் கூடத் தவறுகிறார்கள். நாங்களும் தவறினோம். முதல் சந்தையில் மெழுகுதிரியோடு சேர்த்து லவெண்டர் குளியல் உப்பும் வைத்திருந்தோம். பக்கத்து மேசைப் பெண்மணி மெதுவாக, "இதற்குப் பாதுகாப்பு அறிக்கை இருக்கிறதா?" என்று கேட்டார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்றே எடுத்து உள்ளே வைத்துவிட்டோம்.

உடம்பில் படும் சவர்க்காரம், குளியல் உப்பு, குளியல் குண்டு, கிறீம் எல்லாம் சட்டப்படி அழகுசாதனப் பொருட்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1223/2009 இலக்க ஒழுங்குவிதி 2013 ஜூலையில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னரும் அந்த விதிகளைத் தன் சட்டத்தில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு செய்முறைக்கும் தகுதி பெற்ற ஒருவர் பாதுகாப்பு மதிப்பீடு செய்து கையெழுத்திட வேண்டும். பொருளுக்குப் பொறுப்பானவரின் பெயரும் முகவரியும் லேபலில் வேண்டும். விற்பதற்கு முன் அரசாங்கத்தின் இணையப் பதிவில் அறிவிக்க வேண்டும். இங்கிலாந்துக்கு அது 2021 ஜனவரி முதல் தனிப் பதிவு. பொருளின் விவரக் கோப்பை, கடைசித் தொகுதி விற்பனைக்கு வந்து பத்து வருடம் வரை வைத்திருக்க வேண்டும். ஒரு குளியல் உப்புச் செய்முறைக்கு மட்டும் எங்களுக்கு 100 பவுணுக்கு மேல் போனது. அதனால் பத்து வகை செய்யும் ஆசையை விட்டு ஒரே வகையோடு நிற்கிறோம்.

இன்னொன்று. வேப்பெண்ணெய் சவர்க்காரம் செய்பவர்கள் "எக்சிமா மாறும், சொறி மாறும்" என்று எழுதுகிறார்கள். ஊரில் அம்மம்மா சொன்னதாக இருக்கலாம். ஆனால் நோயை மாற்றும் என்று எழுதினால் இங்கே அது மருந்தாகக் கருதப்படும். அதற்கு வேறு சட்டம். தயவுசெய்து எழுத வேண்டாம்.

இனி என் துறை. சிறு வியாபாரத்துக்கு ஒரு வரி வருடத்தில் 1,000 பவுண் வரை சலுகை 2017 ஏப்ரல் முதல் இருக்கிறது. அது இலாபம் அல்ல, மொத்த வரவு. 13 பவுண்படி 76 மெழுகுதிரி விற்கும்வரை அதற்குள் நிற்பீர்கள். 77ஆவதோடு தாண்டிவிடும். நீங்கள் ரியூஷனும் கொடுத்தால் அந்த வரவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தாண்டினால், அந்த வரி வருடம் முடிந்து வரும் ஒக்ரோபர் 5க்கு முன் பதிய வேண்டும். யூனிவேர்சல் கிரெடிற் எடுப்பவர்களுக்கு இந்தச் சலுகை அங்கே செல்லாது. வரவு சிறிதானாலும் மாதாமாதம் அறிவியுங்கள். இணையச் சந்தைகளும் 2024 முதல் விற்பவர்களின் விவரங்களைச் சேர்க்கின்றன. வருடத்தில் 30 விற்பனைக்கு வந்தால் அது வரித் திணைக்களத்துக்குப் போகும். அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஒரு கொப்பியில் வரவு செலவு எழுதி, ரசீதுகளை வைத்திருந்தால் போதும்.

அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்கள் தாராளமாகச் செய்யலாம். ஆனால் தஞ்சக் கோரிக்கை முடிவாகாமல் காத்திருப்பவர்களும், மாணவர் விசாவில் இருப்பவர்களும் சுயதொழில் செய்ய அனுமதி இல்லை. சின்ன விற்பனைதானே என்று தொடங்கி வழக்கைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் உங்கள் சட்டத்தரணியைக் கேளுங்கள்.

என் மனைவியின் வியாபாரத்தில் பெரிய காசு இல்லை. ஆனால் அவருடைய பெயரில் தனி வங்கிக் கணக்கு இருக்கிறது. அவருடைய மணித்தியாலக் கூலி அதற்குள் போகிறது. அதிலிருந்து என்ன செய்கிறார் என்று நான் கேட்பதில்லை.

கடைசியாக, வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் மச்சாளோ, சிநேகிதியோ செய்த பொருள் என்றால் விலை குறைக்கச் சொல்லிக் கேட்கிறோம். கடையில் கேட்கிறோமா? இல்லை. வீட்டில் செய்யத் தொடங்கும் ஒருவருக்கு நாங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, போட்ட விலையைக் கொடுப்பது. வீட்டில் கணக்குப் பார்க்கும் என்னைப் போன்ற ஆண்களுக்கும் ஒன்று. நட்டம் என்று சொல்ல முன், விலையைச் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.