வானிலை அறிவிப்பும் வெண்பனி மலையும்



மலைச்சரிவுகளில் உறைந்து கிடக்கும் வெண்பனியின்மேல், காலிற் பூட்டிய நீண்ட பலகைகளின் துணைகொண்டு வழுக்கிச் செல்லும் விளையாட்டே பனிச்சறுக்கு. பனி பொழியாத நாட்டில் வாழும் நமக்கு இதனால் ஆவது யாது என்று சிலர் வினவக்கூடும். 1980ஆம் ஆண்டுகள் தொடக்கம் நம்மவர் பல்லாயிரவர் சுவிற்சர்லாந்து நாட்டிற் குடியேறியுள்ளனர். அவர்தம் பிள்ளைகள் அந்நாட்டுப் பாடசாலைகளிற் பயின்று, குளிர்காலத்தில் ஏனைய மாணவரோடு பனிமலைக்கும் செல்கின்றனர். ஆகவே, நம் பேரப்பிள்ளைகளின் கால்கள் எதன்மேல் நிற்கின்றன என்பதை அறிந்துகொள்வது நமக்கும் உரிய காரியமே.

“நாளை மலைப்பகுதிகளிற் பனி பொழியும்” என்று வானிலை அறிவிப்புக் கூறுகின்றது. சறுக்கச் செல்பவனுக்கு இச்செய்தி மட்டும் போதாது. எந்த உயரத்திற் பொழியும், எவ்வளவு பொழியும், எத்தகைய காற்றோடு பொழியும், ஏற்கெனவே கிடக்கும் பழம்பனி எந்நிலையில் உள்ளது என்பவற்றையும் அவன் அறிதல் வேண்டும்.

முதலில் உயரத்தை நோக்குவோம். கிழக்குச் சுவிற்சர்லாந்திலுள்ள டாவோஸ் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,560 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதனை அடுத்துள்ள வைஸ்புளூயோக் என்னும் மலைக்கணவாயின் உயரம் ஏறக்குறைய 2,660 மீற்றர். மேலே செல்லச் செல்ல, 100 மீற்றருக்குச் சராசரியாக 0.65 பாகை வீதம் வெப்பம் குறைகின்றது. ஆதலால், நகரில் வெப்பநிலை 3 பாகையாக இருக்கும்போது கணவாயில் அது பூச்சியத்துக்குக் கீழே 4 பாகையளவில் இருக்கலாம். எனினும், காற்றசைவற்ற தெளிந்த குளிர்கால இரவுகளிற் கனத்த குளிர்காற்றுப் பள்ளத்தாக்கிலே தேங்கி நிற்க, மேலிடம் கீழிடத்திலும் வெப்பமாயிருப்பதும் உண்டு.

அந்நாட்டு அறிவிப்புகளிற் பூச்சியப் பாகை நிலவும் உயரமும் கூறப்படும். பனித்துகள் உருகுவதற்குச் சிறிது நேரம் செல்லுமாதலால், அவ்வுயரத்திலிருந்து 200 அல்லது 300 மீற்றர் கீழ்வரையிலும் மழையன்றிப் பனியே விழும். பூச்சியப் பாகை 1,800 மீற்றரில் உள்ளதெனில், டாவோசில் ஈரமான கனத்த பனி விழும். அதனிலும் தாழ்ந்த ஊர்களில் மழை பெய்யும். ஒரே அறிவிப்பின் கீழ் ஓரூரில் விளையாட்டுச் சிறக்க, மற்றோரூரிற் சேறே மிஞ்சும்.

அடுத்தது அளவு. ஒரு மில்லிமீற்றர் மழைநீர் ஏறக்குறைய ஒரு சதமமீற்றர் பனிக்குச் சமம் என்பது பொதுக் கணக்கு. கடுங்குளிரில் விழும் பனி பஞ்சுபோல் இலேசாய் உயர்ந்து நிற்கும். பூச்சியத்தை ஒட்டிய வெப்பத்தில் விழுவது கனத்துப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். இக்கணக்கைக் குலைப்பது காற்று. வீசும் காற்று மலையின் ஒரு பக்கத்துப் பனியை வாரிச் சென்று மறுபக்கத்திற் குவிக்கும். 30 சதமமீற்றர் என அறிவிக்கப்பட்ட பனி, ஒரு முகட்டிற் பாறை தெரியுமளவு துடைக்கப்பட்டும், அதன் மறைவிலுள்ள பள்ளத்தில் ஆளுயரம் குவிந்தும் கிடக்கக்கூடும். இங்ஙனம் குவிந்த பனி, பலகை போன்று இறுகி ஒருங்கே பிடிப்புண்டு நிற்கும். ஆகவே, அறிவிப்பிலே பனியின் அளவைத் தேடுபவன் காற்றின் வேகத்தையும் திசையையும் தேடுதல் இன்றியமையாதது.

இனி, பழம்பனி. வானிலை மாறினும், சென்ற நாட்களின் வானிலை பனியினுள்ளே பதிந்து கிடக்கின்றது. பகல் வெயிலில் இளகிய மேற்பரப்பு, மேகமற்ற இரவில் வெப்பத்தை வானுக்கு இழந்து, விடியலிற் கண்ணாடிபோல் இறுகும். மேகம் கவிந்த இரவிலோ அது நன்கு இறுகுவதில்லை. எனவே, இளவேனிற் காலத்தில் “இரவு மேகமூட்டம்” என்ற அறிவிப்பு, மறுநாட் காலையிலேயே பனி நனைந்து நெகிழ்ந்திருக்கும் என்பதற்கு முன்னெச்சரிக்கையாகும். மற்றொன்று இன்னும் நுட்பமானது. குளிர்காலத் தொடக்கத்தில் மெல்லியதாய் விழுந்த பனி, தெளிந்த கடுங்குளிர் நாட்கள் பல நீடிக்குமாயின், சீனியைப் போல ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாறிவிடும். அதன்மேற் பின்னர் விழும் பனி, மணல்மேல் எழுப்பிய மதிலை ஒக்கும். டிசெம்பர் மாதத்து வானிலை பெப்ரவரி மாதத்திலே உயிரைப் பறிப்பது இவ்வாறே.

ஆம் நேயர்களே, பனிச்சரிவு என்னும் பெருந்துன்பத்தையே இங்குக் குறிப்பிடுகின்றேன். 1950–51ஆம் ஆண்டுக் குளிர்காலத்திற் சுவிற்சர்லாந்தில் மட்டும் 98 பேர் பனிச்சரிவுகளில் மாண்டனர். அன்று பனி ஊர்களின்மேல் வந்து விழுந்தது. இன்றோ, மாண்டுபோவோருட் பெரும்பாலார் குறியிட்ட சறுக்குப் பாதையை விட்டு வெளியே செல்வோர். பெரும்பாலும் தாமோ தம் தோழரோ மிதித்த மிதியினாலேயே சரிந்த பனியில் அவர்கள் புதையுண்கின்றனர். புதையுண்டவர் உயிர்தப்பும் வாய்ப்பு, முதற் பத்து நிமிடங்களின் பின்னர் விரைந்து குறைந்துவிடுகின்றது.

இதில் வஞ்சகமானது யாதெனில், ஆபத்து மிகுந்த நாள் பெரும்பாலும் அழகு மிகுந்த நாளாகவே தோன்றுகின்றது. இரு நாட்கள் புயலும் பனியும் அடித்து ஓய்ந்தபின், மூன்றாம் நாள் “வானம் தெளிந்திருக்கும்” என்று அறிவிப்பு வருகின்றது. நீலவானத்தின் கீழே, எவர் காலும் படாத புதுப்பனி கண்ணைக் கவர்கின்றது. அப்புதுப்பனியோ தன் கீழுள்ள படையோடு இன்னும் பிணைப்புறவில்லை. வானிலை அறிவிப்புப் பொய்யுரைக்கவில்லை. அது வானத்தைப் பற்றிக் கூறிற்றேயன்றி நிலத்தைப் பற்றிக் கூறவில்லை.

நிலத்தைப் பற்றிக் கூறுதற்கு வேறோர் அறிவிப்பு உண்டு. 1936இல் வைஸ்புளூயோக் மலையிற் சிறு குடிலொன்றிலே தொடங்கிய பனி ஆராய்ச்சி பின்னர் ஒரு நிறுவனமாக வளர்ந்தது. அந்நிறுவனம் 1945 முதற் பனிச்சரிவு அறிவிப்பை வெளியிட்டு வருகின்றது. குளிர்காலத்தில் அது நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கு வெளிவருகின்றது. ஆபத்தானது ஐந்து படிகளாக அதிற் கூறப்படும். ஐந்தில் மூன்று என்றதும் நடுத்தரம் எனக் கருதித் துணிவோர் பலர். பரீட்சைப் புள்ளிகளை எண்ணுவது போல இதனை எண்ணலாகாது. ஒவ்வொரு படியிலும் ஆபத்துப் பன்மடங்காகப் பெருகுகின்றது. உயிரிழப்பில் ஏறக்குறைய அரைவாசி அந்த மூன்றாம் படியிலேயே நிகழ்கின்றது.

ஆகவே, அங்கு வாழும் உங்கள் பேரனோ பேர்த்தியோ தொலைபேசியில் அழைத்து, “அப்பா, நாளைக்கு நல்ல வெயிலாம், நாங்கள் மலைக்குப் போகிறோம்” என்று மகிழ்ந்து சொன்னால், நீங்களும் மகிழுங்கள். பின்னர், “நேற்றும் முன்தினமும் எவ்வளவு பனி கொட்டியது? காற்று எப்பக்கம் வீசியது? பனிச்சரிவு அறிவிப்பு எத்தனையாம் படி என்கிறது?” என்று கேளுங்கள். விடை தெரியாதெனில், குறியிட்ட, திறந்துவிடப்பட்ட பாதையிலேயே சறுக்கும்படி சொல்லுங்கள். பனியையே கண்டறியாத முதியவர் கேட்கும் இக்கேள்விகள் அவர்களுக்கு வியப்பைத் தரலாம். அவ்வியப்பினால் அவர்கள் ஒருகணம் நின்று சிந்திப்பார்களாயின், அதுவே போதும்.