காற்றில்லா அறையில் நடக்கும் வேலை



விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயிலுக்கு அடுத்து நினைவுக்கு வருவது பீங்கான். நெய்வேலிச் சுரங்கத்துக் களிமண்ணைப் பயன்படுத்தி வளர்ந்த தொழில் அது. பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் செய்யும் அதே பீங்கானில்தான் கழிவறைக் கோப்பையும் உருவாகிறது. வீடு கட்டுகிறவர்கள் அந்தக் கோப்பையைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். அதன் வழியே போகும் தண்ணீர் என்ன ஆகிறது என்று கேட்பவர்கள் குறைவு.

அது செப்டிக் டேங்கில் சேர்கிறது. காற்றுப் படாத அந்த இருட்டில் நுண்ணுயிரிகள் கழிவைச் சிதைத்து மீத்தேனும் கரியமில வாயுவுமாக மாற்றுகின்றன. 1895-ல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் கேமரன் அமைத்த தொட்டியே இந்தப் பெயரைப் பரப்பியது. அதில் எழுந்த வாயுவில் விளக்கும் எரிந்தது.

ஆனால் தொட்டி பாதி வேலையைத்தான் செய்யும். கனமானது அடியில் கசடாகப் படிகிறது. எண்ணெய்ப் பசை மேலே மிதக்கிறது. நடுவிலிருந்து வெளியேறும் நீரில் நோய்க்கிருமிகள் இருக்கின்றன. அதைத் தெருச் சாக்கடையில் விடுவதும், அடித்தளம் போடாமல் தொட்டி கட்டுவதும் கிணற்று நீரைக் கெடுத்துவிடும்.

மீதி வேலையை முடிக்க வழி உண்டு. புதுச்சேரி தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனை 2003 முதல் அதைச் செய்துவருகிறது. நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம் லிட்டர் கழிவுநீர் அங்கே முதலில் படிதொட்டியில் தெளிகிறது. பிறகு காற்றில்லா அறைகளையும், செடி வளரும் சரளைப் படுகையையும் கடந்து குளத்தை அடைகிறது. கடைசியில் தோட்டத்துக்குப் பாய்கிறது. சுத்திகரிக்கும் வேலையை நுண்ணுயிரிகளும் செடிகளும் வெயிலும் பார்த்துக்கொள்கின்றன.

கசடுக்கும் கணக்கு இருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். அந்த லாரி ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போகக் கூடாது. சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டின் முதல் கசடுக் கழிவு சுத்திகரிப்பு நிலையம் 2017-ல் கருங்குழியில் தொடங்கியது.

தொட்டிக்குள் தேங்கும் நச்சு வாயு நொடியில் உயிரைப் பறிக்கும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

நேயர்களே, உங்கள் வீட்டுத் தொட்டியை எந்த ஆண்டு சுத்தம் செய்தீர்கள் என்று இன்றே பாருங்கள். மூன்று ஆண்டு கடந்திருந்தால் உரிமம் பெற்ற லாரியை அழையுங்கள். எவரையும் உள்ளே இறங்கச் சொல்லாதீர்கள்.