தொடர்வதா, விடுவதா?



சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் மாலை, எங்கள் தெருவில் வசிக்கும் இளைஞன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். "தாத்தா, டாக்டருக்குப் படிக்கும் எண்ணத்தை விட்டுவிடட்டுமா?" என்று கேட்டான். நீட் என்னும் மருத்துவ நுழைவுத் தேர்வை அவன் இரண்டு முறை எழுதியிருந்தான். 720 மதிப்பெண்ணுக்கு முதல் முறை 310. இரண்டாம் முறை 360.

முழுத் தோல்வியாக இருந்தால் மனம் அழுது ஆறிவிடும். நடுத்தர மதிப்பெண்தான் மனிதனை அலைக்கழிப்பது. "இன்னும் கொஞ்சம்தான்" என்று அது ஒரு புறம் அழைக்கும். "உனக்கு இது ஆகாது" என்று மறுபுறம் தள்ளும். அவன் தந்தையார் நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். பயிற்சி வகுப்புக்காகத் தாயாரின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயிருந்தன. தங்கையும் கல்லூரிக்குப் போகும் வயதை எட்டியிருந்தாள். ஆகவே, அவன் கேட்டது ஒரு வீடு முழுவதையும் பற்றிய கேள்வி.

என்னிடம் வந்து கேட்டதற்குக் காரணம் உண்டு. நானும் அந்த வாசலில் நின்று திரும்பியவன். 1970-ஆம் ஆண்டில் புகுமுக வகுப்பில் தேறினேன். மதிப்பெண்ணையும் நேர்முகத் தேர்வையும் கொண்டு மருத்துவக் கல்லூரிக்கு ஆள் எடுத்த காலம் அது. எனக்கு இடம் கிடைக்கவில்லை. விலங்கியல் பட்ட வகுப்பில் சேர்ந்தேன். சேர்ந்தேனே தவிர, மனம் அங்கே இல்லை. முயற்சியைத் தொடரவும் இல்லை, விடவும் இல்லை. மூன்று ஆண்டுகளை ஏக்கத்திலேயே கழித்தேன்.

பிறகு யானைக்கால் நோய்த் தடுப்புப் பணியில் வேலை கிடைத்தது. அந்நோயின் நுண்புழுக்கள் பகலில் உள்ளுறுப்புகளில் ஒதுங்கியிருந்து, இரவில் மேற்பரப்பு இரத்தத்திற்கு வருபவை. ஆகையால், ஊர் உறங்கும் வேளையில் வீடு வீடாகச் சென்று, விரல் நுனியில் ஊசி குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுப்போம். மறுநாள் நுண்ணோக்கியின் கீழே அந்தப் புழு தெரியும். கால் வீங்குவதற்கு முன்பே ஒருவருக்கு நோயைக் கண்டு சொல்லி, மாத்திரை கொடுத்த அன்றுதான் என் ஏக்கம் தீர்ந்தது. டாக்டர் என்ற பெயர் இல்லாமலேயே டாக்டரின் வேலையில் ஒரு பங்கு எனக்குக் கிடைத்துவிட்டது.

அந்த மாத்திரையின் பெயர் டை-எத்தில் கார்பமசைன். அதை உருவாக்கிய அமெரிக்க ஆய்வுக் குழுவுக்குத் தலைமை வகித்தவர், 1895-இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் மெட்ரிகுலேஷன் தேர்வில் இரு முறை தவறி, மூன்றாம் முறை சென்னைத் திருவல்லிக்கேணியில் படித்துத் தேறியவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி அணிந்ததற்காக ஆசிரியரின் அதிருப்தியைப் பெற்றார், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே அவருக்குக் கிடைத்தது. பின்னர் அமெரிக்கா சென்று, நோயாளியின் கட்டிலருகே நிற்காமல் ஆய்வுக்கூடத்தில் நின்றார். 1948-இல் மறையும் வரையில் அங்கேயே உழைத்தார்.

சுப்பாராவைக் காட்டி, "நீயும் விடாமல் முயன்றால் வெல்வாய்" என்று நான் அந்தப் பையனுக்குச் சொல்லவில்லை. தவறியவர் எல்லாரும் சுப்பாராவ் ஆவதில்லை. மதிப்பெண் ஒருவனுடைய முழு அளவு அன்று என்பதற்கே அவர் சான்று. அந்த அளவை எப்படிப் படிப்பது என்பது வேறு கலை. ஆகவே, அவனிடம் மூன்று கேள்விகளைக் கேட்டேன்.

முதற் கேள்வி: இந்த 360 எப்படி வந்தது? விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு எண்ணினோம். உயிரியலில் 360-க்கு 250. இரசாயனத்தில் 180-க்கு 70. பௌதிகத்தில் 180-க்கு 40. பௌதிகத்தின் 45 வினாக்களில் 40-க்கு விடை எழுதியிருந்தான். சரியானவை 16, தவறானவை 24. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண்; தவறான விடைக்கு ஒன்று குறையும். 64-இல் 24 போய் 40 நின்றது. அவன் மந்தன் அல்லன். பௌதிகத்தைப் புரிந்துகொள்ளாமல் மனப்பாடம் செய்து, தேர்வில் ஊகித்தவன். குறை இன்ன இடத்தில் என்று தெரிந்தால் அதைத் திருத்த முயலலாம். எங்கே குறை என்று தெரியாமல் மீண்டும் எழுதுவது, அதே தேர்வை அதே வண்ணம் எழுதுவதே ஆகும்.

இரண்டாம் கேள்வி: உனக்கு வேண்டியது அந்தப் பெயரா, அந்த வேலையா? அவன் சற்று யோசித்தான். பாட்டி இடுப்பெலும்பு முறிந்து அரசு மருத்துவமனையில் கிடந்தபோது பதினோரு இரவு துணையிருந்தவன் அவன். அடுத்த கட்டிலில் ஒரு முதியவருக்கு முதுகில் படுக்கைப் புண். "முதல் நாள் செவிலியம்மா கட்டு மாற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன், தாத்தா. மூன்றாம் நாள் நானே தட்டைப் பிடித்தேன்" என்றான். பெயரை மட்டும் விரும்புகிறவன் தட்டைப் பிடிக்கமாட்டான்.

மூன்றாம் கேள்வி: எது வரையில்? இத்தனை முறைதான் எழுதலாம் என்று நீட் தேர்வுக்கு வரம்பு இல்லை. விதி வரம்பு வைக்காத இடத்தில் நாமே வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் இளமை கழிந்துபோகும். அவன் தந்தையாரையும் அழைத்துப் பேசினோம். இன்னும் ஒரே ஓர் ஆண்டு; புதிய கடன் இல்லை; பௌதிகத்தை அடிப்படையிலிருந்து படிப்பது; இடம் கிடைக்காவிடில் செவிலியர் பட்டப் படிப்பு என்று முடிவாயிற்று. அவனே அதை ஒரு தாளில் எழுதித் தேதியிட்டான்.

பின்னர் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த தேர்வில் பௌதிகத்தில் 40 என்பது 95 ஆயிற்று. மொத்தமும் உயர்ந்தது. ஆயினும் இடம் எட்டவில்லை. ஓர் இரவு அழுதான். தாளில் எழுதியபடி செவிலியர் கல்லூரியில் சேர்ந்தான். சென்ற வாரம் வெள்ளைச் சீருடையோடு வந்து, நாடி பிடித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டதாகச் சொல்லி, என் மணிக்கட்டையே பிடித்து எண்ணிக் காட்டினான். அந்த முகத்தில் நான் 1970-இல் சுமந்த ஏக்கம் இல்லை.

நண்பர்களே, உங்களுள் சிலர் தொடர்வீர்கள், வெல்வீர்கள். சிலர் விட்டு வேறு வழி செல்வீர்கள். இரண்டிலும் இழிவு இல்லை. மதிப்பெண் குறைந்ததற்காக உயிரையே வெறுக்கும் அளவுக்கு மனம் கசந்தால், அன்றே தாய் தந்தையரிடமோ ஆசிரியரிடமோ வாய் திறந்து சொல்லுங்கள்; தனியே வைத்துக்கொள்ளாதீர்கள். நான் இழந்தது மருத்துவக் கல்லூரியின் ஓர் இடத்தை அன்று. முடிவு செய்யாமல் கழித்த மூன்று ஆண்டுகளை. அந்த இழப்பு உங்களுக்கு வேண்டாம். கணக்குப் பாருங்கள், மனத்தைக் கேளுங்கள், தேதி குறியுங்கள். பிறகு எந்த வழியானாலும் முழு மனத்தோடு நடங்கள்.